ரூத் வேண்டாம்ப்பா, வேற பேரு சொல்லு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் சமையலறை மேசையில் ஐபேடை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது கட்டத்தில் எட்டு நிரம்பிவிட்டது. நட்டநடுவில் ஒன்றுதான் காலி. அதற்கு நேர் மேலே பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் சின்னமான சிவப்புக் காலுறை. இடப்பக்கம் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பின்னிய எழுத்து.

"அப்பா, ரெண்டு டீம்லயும் ஆடின ஆள் ஒருத்தர் சொல்லு. ரூத் வேண்டாம்ப்பா. எல்லாரும் அதையே போடுவாங்க."

"ஜானி டேமன்?"

"அதுவும் எல்லாரும் போடுறதுதான்."

அவள் ஆடுவது இம்மாக்குலேட் கிரிட் என்ற விளையாட்டு. 2023 வசந்தத்தில் பிரையன் மின்டர் என்பவர் உருவாக்கியது. மேலே மூன்று அணி, பக்கத்தில் மூன்று அணி. சில நாள் அணிக்குப் பதிலாக ஏதாவது ஒரு சாதனை இருக்கும். குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் கட்டத்தில், அந்த இரண்டு அணிக்கும் ஆடிய ஒருவர் பெயரை எழுத வேண்டும். ஒன்பது கட்டம், ஒன்பதே வாய்ப்பு. சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அதே பெயரை இன்னும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். யாருக்கும் தோன்றாத பெயரைச் சொன்னவர்தான் கெட்டிக்காரர். அந்த வருடக் கோடையிலேயே ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவர நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது. எங்கள் வீட்டில் காலை தோசை ஆறுவதற்கு அந்த நிறுவனமும் ஒரு காரணம்.

மற்றக் கட்டங்களை நிரப்ப ஞாபகசக்தி இருந்தால் போதும். இந்தக் கட்டத்தில் மட்டும் நான் தடுக்கி விழுந்துவிடுவேன். பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே 350 கிலோமீட்டர்தான். பேஸ்பாலில் இதைவிடப் பெரிய பகை கிடையாது. ஆனால் இந்த ஒரு கட்டத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட விடைகள் உண்டு. இத்தனை பகை உள்ள வீடுகளுக்கு நடுவில் இத்தனை போக்குவரத்தா? அந்தக் கேள்வி எனக்குள் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

நான் பாஸ்டனுக்கு வந்தது 2006 ஜனவரியில். பேஸ்பால் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டையை வைத்து அடிப்பார்கள், அடித்ததும் ஓடுவார்கள், அவ்வளவுதான். மே முதல் தேதி திங்கட்கிழமை, அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு டிக்கெட் உபரியாக இருந்தது. டார்செஸ்டரில் பிறந்து வளர்ந்த மனிதர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "இன்னிக்கு வர்ற மாதிரி ஒரு மேட்ச் இனிமே வராது" என்று சொல்லி ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எங்களுக்குக் கிடைத்தது பிளீச்சர்ஸ். மைதானத்தின் பின்கோடியில், முதுகு சாய்க்க வசதி இல்லாத மலிவு இருக்கைகள். மே மாதம் என்று நம்பி மெல்லிய ஜாக்கெட்டில் வந்திருந்தேன். பல் கிட்டியது. எங்களுக்கு நேர் கீழே சென்டர் ஃபீல்ட், ஆடுகளத்தின் நடுப் பின்பகுதி. அங்கே சாம்பல் நிற உடையில் முதுகில் 18 என்ற எண்ணோடு ஒருவர் வந்து நின்றார். பெயர் இல்லை, யாங்கீஸ் சட்டையில் பெயர் போடுவதில்லை. அவர் வந்து நின்றதும் என்னைச் சுற்றி இருந்தவர்கள் பர்ஸைத் திறந்தார்கள். காசு! நிஜமான ஒரு டாலர் நோட்டுகளும் விளையாட்டு நோட்டுகளும் கலந்து புல்லின் மேல் பறந்து விழுந்தன.

அவர்தான் ஜானி டேமன். முந்தைய வருடம் வரை அதே மைதானத்தில், அதே இடத்தில், அதே 18ஆம் எண்ணில், ரெட் சாக்ஸுக்காக ஆடியவர். நீண்ட முடியும் தாடியுமாக இருந்த மனிதர். யாங்கீஸில் அப்போது தாடிக்குத் தடை. முடியும் கழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. (அந்தத் தாடித் தடையை 2025 பிப்ரவரியில்தான் தளர்த்தினார்கள்.) வெட்டிவிட்டு, மழித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வந்திருந்தார். முதல் முறை அடிக்க வந்தபோது அரங்கமே ஊளையிட்டது. கைதட்டியவர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்தார். ஊளை கூடியது.

"என்ன தப்பு பண்ணினார்?" என்று கேட்டேன்.

"நாலு வருஷத்துக்கு 52 மில்லியன் வாங்கினான். நாங்க 40 தர்றதா சொன்னோம். இத்தனைக்கும், அங்கே போகவே மாட்டேன்னு ஆறு மாசம் முன்னாடி அவனே சொன்னான்" என்றார்.

ஐபிஎல் அப்போது பிறக்கவில்லை. பிற்பாடு மும்பையின் ஹர்பஜன் சென்னைக்கு வந்தபோது நாம் யாரும் காசு எறியவில்லை. ஏலத்தில் வந்த ஆளை என்ன சொல்வது? அந்த மே மாத இரவு எனக்கு வெறும் வினோதமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மில்லியன் கூடக் கிடைத்தால் எங்கள் அலுவலகத்தில் யார்தான் போக மாட்டார்கள்? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குளிருக்கு அவர் தன் போர்வையில் பாதியைக் கொடுத்திருந்தார்.

அந்த மேட்ச்சில் இன்னொரு கூத்தும் நடந்தது. ரெட் சாக்ஸின் பிட்ச்சர் டிம் வேக்ஃபீல்ட் எறிவது நக்கிள்பால். சுழலாமல் தள்ளாடிக்கொண்டு வருவதால் அடிப்பவருக்கும் புரியாது, பிடிப்பவருக்கும் புரியாது. புதுக் கேட்ச்சர் ஜோஷ் பார்ட் ஐந்து ஆட்டத்தில் பத்துப் பந்தைக் கோட்டைவிட்டிருந்தார். பழைய கேட்ச்சர் டக் மிராபெல்லியை சான் டியேகோவிலிருந்து அன்று காலைதான் திரும்ப வாங்கினார்கள். விமானத்தில் வந்து இறங்கியவரை போலீஸ் வண்டி முன்னே போக மைதானத்துக்கு அழைத்து வந்தார்கள். உடையை அவர் காரிலேயே மாற்றிக்கொண்டார். எட்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸை அடக்குவதற்கென்றே யாங்கீஸ் கூட்டி வந்திருந்த மைக் மையர்ஸ் பந்தெறிய வந்தார். அவரும் முந்தைய வருடம் வரை ரெட் சாக்ஸ்காரர். ஓர்ட்டிஸ் அவர் பந்தை மைதானத்து வேலிக்கு வெளியே தூக்கி ஹோம் ரன் அடித்தார். 7-3, ரெட் சாக்ஸ் வெற்றி. டேமன் அன்று ஒரு ஹிட்டும் (பேஸை எட்ட வைக்கும் அடி) எடுக்கவில்லை. மையர்ஸ் மேல் யாரும் காசு எறியவில்லை என்பதைத் திரும்பி வரும் ரயிலில்தான் யோசித்தேன்.

அதற்கப்புறம் படிக்க ஆரம்பித்தேன். எங்கே தொடங்கினாலும் ரூத்தில் வந்து நிற்கும்.

பேப் ரூத் 1914 முதல் 1919 வரை ரெட் சாக்ஸில் இருந்தார். முதலில் பிட்ச்சர். பாஸ்டனுக்காக 89 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். அவர் இருந்தபோது ரெட் சாக்ஸ் 1915, 1916, 1918 என்று மூன்று முறை வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பையை வென்றது. 1919இல் 29 ஹோம் ரன் அடித்தார். அதுவரை ஒரு சீசனில் அத்தனை யாரும் அடித்ததில்லை. வருடத்துக்கு 10,000 டாலர் ஒப்பந்தம் இருந்தது, 20,000 வேண்டும் என்று அடம் பிடித்தார். அணியின் முதலாளி ஹாரி ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர், எப்போதும் பண நெருக்கடி. 1919 டிசம்பரில் யாங்கீஸோடு பேசி முடித்து, 1920 ஜனவரி 5 அன்று அறிவித்தார்கள். விலை 1,00,000 டாலர். நான்கில் ஒரு பங்கு கையில், மீதி தவணையில். எங்கள் ஊர்ப் பக்கம் பசுமாடு வாங்குகிறவர்கள்கூடக் கொஞ்சம் கூடுதலாக முன்பணம் தருவார்கள்.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது அதோடு சேர்ந்து வந்த கடன். யாங்கீஸ் முதலாளி ஜேக்கப் ரூப்பர்ட் 3,00,000 டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டார். அடமானம்? ஃபென்வே பார்க். எதிரி வீட்டுப் பத்திரம் இவர் பெட்டிக்குள் போய்விட்டது! ரூத் அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தார். யாங்கீஸ் மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் ரயிலேறிப் போய் அவரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். ஒரு இசை நாடகம் போடுவதற்காகத்தான் ஃப்ரேஸி ரூத்தை விற்றார் என்று இன்றும் பாஸ்டனில் சொல்வார்கள். அந்த நாடகம் பிராட்வேக்கு வந்தது 1925இல். கதை அத்தனை சுவையாக இருக்கும்போது தேதியை யார் பார்க்கிறார்கள்?

விற்பனை ரூத்தோடு நிற்கவில்லை. கார்ல் மேஸ் அவருக்கும் முன்னாலேயே, 1919 கோடையில் போய்விட்டார். 1920 டிசம்பரில் வெயிட் ஹாய்ட்டும் கேட்ச்சர் வாலி ஷாங்கும். அடுத்த டிசம்பரில் ஜோ புஷ், சாம் ஜோன்ஸ், எவரெட் ஸ்காட். 1922இல் ஜோ டூகன். 1923 ஜனவரியில் ஹெர்ப் பெனாக். ரெட் சாக்ஸ் மேனேஜராக இருந்த எட் பாரோவே யாங்கீஸ் அலுவலகத்துக்கு மாறிவிட்டார், ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. 1923இல் யாங்கீஸ் தன் முதல் வேர்ல்ட் சீரிஸை வென்றபோது, அதன் முக்கியமான ஆறு பிட்ச்சர்களில் ஐந்து பேர் பாஸ்டனிலிருந்து வந்தவர்கள். அதே வருடம் ரெட் சாக்ஸ் கடைசி இடம். வீட்டைக் காலி பண்ணும்போது முதலில் பாத்திரம், அப்புறம் கட்டில், கடைசியில் கதவு நிலை என்று போகுமே, அந்த மாதிரி.

இதில் எவரெட் ஸ்காட்டை மகளுக்குச் சொன்னேன். 1916 ஜூனில் ஒருநாள் ஆட ஆரம்பித்தவர், 1925 மே வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 1,307 ஆட்டம் ஆடினார். அன்றைக்கு அது சாதனை. தொடங்கியது பாஸ்டன் உடையில், முடிந்தது நியூயார்க் உடையில். நடுவில் விற்ற நாளிலும் கணக்கு அறுபடவில்லை. அந்தத் தொடர் முடிந்த சில வாரத்தில், அதே யாங்கீஸில் லூ கெரிக் என்ற பையன் தன் தொடரை ஆரம்பித்தான். அதற்கப்புறம் ஸ்காட்டை யாரும் நினைக்கவில்லை.

"இவரைப் போடலாமா?"

"வெச்சுக்கோ. இன்னும் இருக்கு."

இந்தக் கட்டத்தில் எனக்குப் பிடித்த பெயர்கள் எல்லாம் தராசின் லேசான தட்டில் இருந்தவர்கள். டிரேட் என்றால் ஒருவர் போக ஒருவர் வருவார். போனவர் பெரிய ஆளாகிவிட்டால் அவர் பெயர் நிற்கும், வந்தவர் பெயர் கேலிக்கு ஆகும்.

ரெட் ரஃபிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லினாய் மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் சிறு வயதில் விபத்து, இடது காலில் நான்கு விரல் போய்விட்டது. அதன்பிறகு பிட்ச்சரானவர். ரெட் சாக்ஸுக்காக 39 ஆட்டம் ஜெயித்து 96 தோற்றார். 1928இல் மட்டும் 25 தோல்வி. 1930 மே மாதம் அவரை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டு, 50,000 டாலரும் செட்ரிக் டர்ஸ்ட் என்ற வீரரையும் வாங்கிக்கொண்டார்கள். யாங்கீஸுக்காக ரஃபிங் 231 ஜெயித்து 124 தோற்றார். அதே கை, அதே ஆறு விரல் கால்கள். முன்னால் நின்றவர்கள் நன்றாக அடித்தார்கள், பின்னால் நின்றவர்கள் நன்றாகப் பிடித்தார்கள். 1967இல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். டர்ஸ்ட்? அந்த வருடத்தோடு அவருடைய பெரிய லீக் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் 1927ஆம் வருட யாங்கீஸில் இருந்தவர். ரூத்தும் கெரிக்கும் இருந்த, இன்றுவரை ஆகச் சிறந்தது என்று பலர் சொல்லும் அந்த அணியில் உபரி ஆள். அங்கிருந்து கடைசி இடத்து அணிக்கு ஒரு தொகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்.

1972 மார்ச்சில் இதே கதை மறுபடி. ரெட் சாக்ஸ் தன் பிட்ச்சர் ஸ்பார்க்கி லைலைக் கொடுத்து டேனி கேட்டரை வாங்கியது. முதல் பேஸுக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே தன் பேட்டிங் சராசரியை மனக்கணக்காகப் போட்டுவிடுவார் கேட்டர் என்று ஒரு கதை உண்டு. யாங்கீஸில் 1970இல் .301 (பத்து முறைக்கு மூன்று ஹிட்) அடித்தவர் பாஸ்டன் வந்த வருடம் .237 அடித்தார். மனக்கணக்குப் போடுகிறவருக்கு அந்த வருடம் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். லைல் 1977இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார். இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் ஒரு பிட்ச்சருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. கேட்டரை அதன்பின் பாஸ்டன்காரர்கள் ஒரு நாளும் அவருடைய பெயரால் மட்டும் சொன்னதில்லை. "லைலைக் கொடுத்து வாங்கினோமே, அந்த ஆள்."

இனி எல்ஸ்டன் ஹாவர்ட். இவரிடம் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

ஹாவர்ட் 1955இல் யாங்கீஸில் சேர்ந்த முதல் கறுப்பின வீரர். ரெட் சாக்ஸ் அதே காரியத்துக்கு 1959 வரை எடுத்துக்கொண்டது, எல்லா அணிகளுக்கும் கடைசியாக. கேட்ச்சர் ஹாவர்ட் 1963இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். அந்த லீகில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1967 ஏப்ரல் 14, யாங்கி ஸ்டேடியம். ரெட் சாக்ஸுக்கு பில்லி ரோர் என்ற 21 வயதுப் பையன், வாழ்க்கையின் முதல் பெரிய லீக் ஆட்டம். எதிரில் எறிவது ஒயிட்டி ஃபோர்ட், ஜாம்பவான். எட்டு இன்னிங்ஸ் முடிந்தும் ரோருக்கு எதிராக ஒரு ஹிட்கூட இல்லை. ஒன்பதாவதில் டாம் ட்ரெஷ் அடித்த பந்தை கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி பின்னோக்கி ஓடிப் பாய்ந்து பிடித்தார். அப்புறம் இன்னொரு அவுட். இன்னும் ஒன்று விழுந்தால், அறிமுக ஆட்டத்திலேயே நோ-ஹிட்டர். கட்டையோடு வந்தது ஹாவர்ட். எண்ணிக்கை 3-2 வரை, இரண்டு பக்கமும் விளிம்புக்குப் போனது. அடுத்த பந்தைத் தட்டி வலப்பக்கம் ஒரு சிங்கிள் எடுத்தார். நியூயார்க் கூட்டமே தன் ஆளைப் பார்த்து ஊளையிட்டது. எதிரணிப் பையன் சாதிக்கட்டும் என்று அன்று அவர்கள் நினைத்திருந்தார்கள். ஆட்டம் 3-0, ரெட் சாக்ஸ் வெற்றி. ரோர் தன் வாழ்க்கையில் மொத்தம் மூன்று ஆட்டம்தான் ஜெயித்தார்.

ஆகஸ்ட் 3. ஹாவர்டுக்கு 38 வயது. யாங்கீஸ் அவரை ரெட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டது. பன்னிரண்டு வருடம் ஒரே உடை போட்டவர். ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பினார். முந்தைய வருடம் ஒன்பதாம் இடத்தில் கிடந்த ரெட் சாக்ஸ் அந்த வருடம் முதலிடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பாஸ்டனில் அவர் அடித்தது .147. அதாவது அடிக்கவே இல்லை. அவரை வாங்கியது வேறு வேலைக்கு.

ஆகஸ்ட் 27, சிகாகோ. ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 4-3 முன்னிலை. மூன்றாம் பேஸில் சிகாகோவின் கென் பெரி, வேகக்காரர், ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் ஆட்டம் சமம். ஒரு அவுட். வலப்பக்கம் அடித்த பந்தை ஹோசே டார்ட்டபுல் பிடித்தார். அவர் கைக்கு வலு இல்லை என்பது லீக் முழுக்கத் தெரியும். பெரி ஓடினார். டார்ட்டபுல் எறிந்தது உயரமாக வந்தது. ஹாவர்ட் எம்பி ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தார். கீழே இறங்கும்போதே காலை நீட்டி ஹோம் பிளேட்டுக்கு முன்னால் அணை போட்டு, சறுக்கி வந்த பெரியைக் கையால் வீசித் தொட்டார். அவுட். ஆட்டம் முடிந்தது. ரெட் சாக்ஸ் அந்த வருடம் லீகை ஜெயித்தது ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில், கடைசி நாளில். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தக் காலைத்தான் பார்ப்பேன். வாசல் நிலையில் ஒருவர் குறுக்கே கால் வைத்து நிற்கிற மாதிரி இருக்கும்.

வேர்ல்ட் சீரிஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்தது. அந்த கார்டினல்ஸின் சென்டர் ஃபீல்டில் நின்றவர் கர்ட் ஃப்ளட். இரண்டு வருடம் கழித்து அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தபோது, போக மாட்டேன் என்றார். வாங்கி விற்க நான் சரக்கு இல்லை என்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதி, வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

இதைப் படித்த பிறகுதான் என் பிளீச்சர்ஸ் கேள்விக்கு விடை மாதிரி ஒன்று கிடைத்தது. 1879 முதல் பேஸ்பாலில் ரிசர்வ் கிளாஸ் என்று ஒரு விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அந்த அணிக்குத்தான் சொந்தம். அணி விற்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பலாம். வீரர் தானாகப் போக முடியாது. 1975 டிசம்பர் 23 அன்று பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் இரண்டு பிட்ச்சர்களின் வழக்கில் சொன்ன முடிவோடுதான் அது உடைந்தது. அதாவது ரூத், பெனாக், ரஃபிங், டர்ஸ்ட், கேட்டர், ஹாவர்ட் யாரும் ஊர் மாறவில்லை, மாற்றப்பட்டார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொன்னதில்லை. அவர்களுக்காக அழுதார்கள், விற்றவனைத் திட்டினார்கள். பாஸ்டனில் ஃப்ரேஸியின் பெயர் இன்றும் கெட்ட வார்த்தைக்கு ஒரு படி கீழே. முதலாளி ஒரு லட்சத்துக்கு விற்றால் வியாபாரம், ஆட்டக்காரனே தன் விலையைச் சொன்னால் துரோகம். அந்தப் போர்வைக்காரரிடம் இதை நான் பல வருடம் கழித்துச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சரி" என்றார், "அதுக்காக யாங்கீஸா?"

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மைக் டோரஸை அவர் நேரில் பார்த்தவர். 1977 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸுக்காக இரண்டு ஆட்டம் முழுதாக எறிந்து ஜெயித்து, கடைசிப் பந்தைத் தானே பிடித்தவர் டோரஸ். புதிய விதிப்படி சுதந்திரமாக பாஸ்டனுக்கு வந்தார். 1978 ஜூலையில் யாங்கீஸை விட 14 ஆட்டம் முன்னால் இருந்த ரெட் சாக்ஸ் அதை முழுக்கக் கரைத்து, சீசன் முடிவில் இரண்டும் 99 வெற்றியில் சமம். அக்டோபர் 2, ஃபென்வேயில் ஒரே ஆட்டம், ஜெயித்தவர் மேலே போகலாம். ஏழாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 2-0. எறிந்தது டோரஸ். அடிக்க வந்தது பக்கி டென்ட், அந்த வருடம் அதுவரை நாலே ஹோம் ரன் அடித்தவர். ஒரு பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு நொண்டினார். பிறகு மிக்கி ரிவர்ஸின் கட்டையை இரவல் வாங்கி, இடப்பக்கத்து 37 அடிப் பச்சைச் சுவருக்கு மேலே தூக்கிவிட்டார். 5-4, யாங்கீஸ் வெற்றி. அன்று அந்தப் போர்வைக்காரருக்கு இருபது வயது, சுவருக்குப் பின்னால் தெருவில் நின்றுகொண்டிருந்தாராம்.

வேட் பாக்ஸும் ராஜர் கிளெமன்ஸும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாக்ஸ் 1986 வேர்ல்ட் சீரிஸை பாஸ்டனோடு தோற்று உட்கார்ந்து அழுதார். 1996இல் யாங்கீஸோடு ஜெயித்து, போலீஸ் குதிரை மேலேறி மைதானத்தைச் சுற்றினார். கிளெமன்ஸ் பாஸ்டனுக்கு 192 வெற்றி கொடுத்துவிட்டு டொரான்டோ வழியாக நியூயார்க் போனார். போகட்டும்.

எனக்கு 2004தான் வேண்டும். 1918க்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸே வெல்லாத 86 வருட வறட்சி முடிந்த வருடம் அது. அக்டோபர் 20, யாங்கி ஸ்டேடியம், வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். முதல் மூன்றையும் தோற்ற ரெட் சாக்ஸ் அடுத்த மூன்றையும் ஜெயித்து வந்திருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் எல்லா பேஸிலும் ஆள். புதிதாக வந்த பிட்ச்சர் போட்ட முதல் பந்தையே டேமன் ஹோம் ரனாக்கினார். அப்புறம் இன்னொன்று. அன்று வென்ற பிட்ச்சர் டெரெக் லோ. எட்டாவதில் வலப்பக்கக் கம்பத்தில் பட்ட ஹோம் ரன் அடித்தது மார்க் பெல்ஹார்ன். கடைசி அவுட்டுக்குப் பந்தெறிந்தது ஆலன் எம்ப்ரீ. தரையில் உருண்டு வந்ததை எடுத்து எறிந்தபோது முதல் பேஸில் பிடித்தது டக் மின்ட்கேவிச். 10-3. பாஸ்டன்காரர்கள் செத்தாலும் மறக்க மாட்டோம் என்று சொல்லும் இரவு.

இப்போது கணக்குப் போடுங்கள். எம்ப்ரீயும் பெல்ஹார்னும் 2005இல் யாங்கீஸ். டேமன் 2006. மின்ட்கேவிச் 2007. லோ 2012. கடைசிப் பந்தை எறிந்த கையும் பிடித்த கையும் இரண்டுமே பிறகு யாங்கீஸ் உடைக்குள் போயின. இதைக் கண்டுபிடித்த இரவு, தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பது இங்கே தேவையில்லை.

எம்ப்ரீயை ரெட் சாக்ஸே பாதி சீசனில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் வேலை தேடிப் போன இடம்தான் யாங்கீஸ். அவர் மேல் யாரும் காசு எறியவில்லை. டேமன் யாங்கீஸோடு 2009இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். 2010இல் டெட்ராய்ட்டில் ஆடிக்கொண்டிருந்த அவரை ரெட் சாக்ஸ் திரும்பக் கேட்டது. இந்த முறை மறுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. வர மாட்டேன் என்றார். அந்த நோட்டுகள் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

இத்தனையையும் நான் சொல்லி முடிப்பதற்குள் சட்னி காய்ந்துபோயிருந்தது. மகள் எப்போது தட்டச்சு செய்தாள் என்று கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். நடுக் கட்டத்தில் ஒரு பெயர், பச்சையாகியிருந்தது. டர்ஸ்டும் இல்லை, கேட்டரும் இல்லை.

"ஹாவர்டா? அவரையும் நிறையப் பேர் போட்டிருப்பாங்களே."

"தெரியும்" என்றாள். நாற்காலியிலிருந்து இறங்கி, அடுப்புக்குப் போகும் வழியில் இடது காலைக் குறுக்கே நீட்டி நின்றுகொண்டாள். "இப்ப என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம்."